விபத்து இழப்பீடு: தவறை நிரூபித்து வாங்குவதா, நிரூபிக்காமலே வாங்குவதா?

என் மச்சான் டைல்ஸ் ஒட்டுகிறவர். 2023இல் ஒரு சாயங்காலம், திண்டுக்கல் பக்கம் வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்குத் திடீரென்று ஏறிய மினி லாரி இடித்து இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்தார்கள். நான்கு மாதத்தில் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். பார்க்கிறவர்கள் ‘நல்லா ஆயிட்டாரே’ என்றார்கள். ஆனால் அவரால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. டைல்ஸ் வேலை என்பதே நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செய்கிற வேலை.

அவருக்காக வக்கீல் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறை என்று அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சீக்கிரம் கிடைக்கிற நிலையான தொகையை வாங்கிக்கொள்வதா, தவறு யார் மேல் என்று நிரூபித்து முழு இழப்பையும் கேட்பதா? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. ஆனால் பதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விபத்து நடந்த ராத்திரியும் அடுத்த சில நாட்களிலும் எழுதப்படும் காகிதங்களில் இருக்கிறது. அவை பலமாக இருந்தால் அவசரப்படக் கூடாது. அவை கைவிட்டுப் போயிருந்தால், நிலையான தொகை சின்னதல்ல.

164, 166: என்ன வித்தியாசம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தங்கள், இழப்பீட்டைப் பொறுத்தவரை 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. 164ஆவது பிரிவில் யார் மேல் தவறு என்ற பேச்சே கிடையாது. இடித்த வண்டியின் உரிமையாளர் அல்லது அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி, மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தர வேண்டும். எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ சட்டத்தின் பார்வையில் அது கொடுங்காயம்தான். வெறும் சிராய்ப்பு, தையல் என்றால் இந்தப் பிரிவில் ஒன்றும் கிடைக்காது.

166ஆவது பிரிவு அப்படியல்ல. எதிர்வண்டியை ஓட்டியவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால் சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, இனி வரும் வருடங்களின் வருமானக் குறைவு, வலி, துணைக்கு இருந்தவரின் செலவு எல்லாவற்றையும் கேட்கலாம். உச்சவரம்பு கிடையாது.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2022க்கு முன்னால் 140ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. மரணத்துக்கு 50,000, நிரந்தர ஊனத்துக்கு 25,000 என்று ஒரு சின்னத் தொகையை முதலில் வாங்கிக்கொண்டு, பெரிய வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம். அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ‘குடுக்கிறத முதல்ல வாங்கிக்கோ, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். இன்று அது ஆபத்தான யோசனை. இன்சூரன்ஸ் கம்பெனியே தொகை சொல்லி முடித்துக்கொள்ள 149ஆவது பிரிவில் ஒரு முறை இருக்கிறது. அதன்படி 164 தொகையை ஏற்றுக்கொண்டால், விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இருக்கும் உங்கள் மனு அதோடு முடிந்துபோகும் என்று 166ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி முன்வந்து தொகை சொல்லும்போது, எந்தப் பிரிவின் கீழ் சொல்கிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

மச்சானுக்கு அப்போது 34 வயது. சம்பள ரசீது, வங்கிக் கணக்கில் வரவு எதுவும் கிடையாது. கூலி ஆட்களுக்குத் தீர்ப்பாயம் தானே ஒரு மாத வருமானத்தை மதிப்பிடும். 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, 40 வயதுக்குள் இருக்கும் சுயதொழில்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். காய வழக்குகளுக்கும் இது உண்டு. ஆக, மாதம் 21,000. வருடத்துக்கு 2,52,000. 2009இல் சரளா வர்மா வழக்கில் வயதுவாரியாக ஒரு பெருக்கு எண் நிர்ணயித்தார்கள். 31 முதல் 35 வயதுக்கு அது 16. பெருக்கினால் 40,32,000 வருகிறது. மருத்துவக் குழு சொன்ன ஊனம் 20 சதவீதம். அதன்படி வருமான இழப்பு மட்டும் 8,06,400 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி.

இதே மனிதருக்கு 164இல் கிடைப்பது 2.5 லட்சம். தவறில் கால் பங்கு இவர் மேல் என்று தீர்ப்பாயம் சொன்னாலும்கூட 166இல் 6 லட்சத்துக்கு மேல் வருகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லா ஊனத்துக்கும் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட மாட்டார்கள். சம்பாதிக்கும் திறன் குறையவில்லை என்று தீர்ப்பாயம் நினைத்தால், நம்மூரில் வழக்கமாக ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். சதவீதத்துக்கு 5,000 என்று போட்டால் மச்சானுக்கு ஒரு லட்சம்தான். அது 164இல் கிடைப்பதைவிடக் குறைவு! அதே கால், அதே சான்றிதழ். ஒரு கணக்கில் எட்டு லட்சம், இன்னொன்றில் ஒரு லட்சம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது, அந்தக் காயம் இந்த மனிதரின் தொழிலை என்ன செய்தது என்ற கேள்வி. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழகாக விளக்கியிருக்கிறது. இடது கை போன ஒரு ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். அதே கை போன அரசு அலுவலக எழுத்தர் அதே சம்பளத்தில் தொடர்ந்து வேலை பார்க்கலாம். மருத்துவர் தரும் சதவீதம் ஒன்று, பிழைப்பில் விழுந்த அடி வேறொன்று. எங்கள் வக்கீல் மச்சானைத் தீர்ப்பாயத்தில் சாட்சிக் கூண்டருகே குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். பாதி மடக்கியதுமே கால் நின்றுவிட்டது, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பத்துப் பக்க மனு சொல்லாததை அந்த அரை நிமிடம் சொல்லியது.

தவறை எப்படிக் காட்டுவது

நிரூபிக்க வேண்டும் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். விபத்துத் தீர்ப்பாயத்தில் அப்படியில்லை. இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கிரிமினல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு அதோடு செத்துப்போகாது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அது நமக்குப் பெரிய பலம்.

சில விபத்துகளில் நடந்த விதமே தவறைச் சொல்லிவிடும். 1977இல் புஷ்பாபாய் உதேஷி வழக்கில், சாலையோர மரத்தில் மோதிய காரைப் பற்றிக் கேள்வி வந்தது. ஒழுங்காக ஓட்டியிருந்தால் கார் மரத்தில் போய் மோதாது, ஏன் மோதியது என்று விளக்க வேண்டியது ஓட்டியவரின் தரப்பு என்றது நீதிமன்றம். நடைபாதையில் நின்றவரை இடித்தது, நிறுத்தி வைத்த வண்டியில் பின்னால் வந்து மோதியது போன்றவற்றுக்கும் இந்த வாதம் பொருந்தும்.

மற்றபடி காகிதங்கள்தான். எஃப்.ஐ.ஆர்., போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வரி எல்லா எஃப்.ஐ.ஆரிலும் இருக்கும். அந்த வரியால் மட்டும் வழக்கு நிற்காது. வரைபடத்தில் வண்டிகள் எந்தப் பக்கம் கிடந்தன, ஆய்வாளர் அறிக்கையில் எந்த மூலையில் நசுங்கல் என்பவைதான் பேசும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் முதன்முதலாக எழுதும் விபத்துப் பதிவேடு, எல்லோரும் சொல்கிற ஏ.ஆர். காப்பி. அவசர சிகிச்சை அறையில் பணியில் இருக்கும் மருத்துவர், ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்டு, சொன்னதை அப்படியே ஒரு வரியில் எழுதுவார். மச்சானைத் தூக்கிவந்தவர் முன்பின் தெரியாதவர், நல்ல மனிதர். ‘வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லியிருக்கிறார். பைக் சறுக்கி விழுந்ததாகப் பதிவாகிவிட்டது. மினி லாரி என்ற வார்த்தையே அதில் இல்லை. மறுநாள் எஃப்.ஐ.ஆரில் மினி லாரி வருகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலுக்கு இது போதாதா? அவர் தானாக விழுந்தார், பிறகு வண்டி ஒன்றைப் பிடித்து வழக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று வாதிட்டார். பொய்யான இழப்பீட்டு வழக்குகள் பிடிபட்ட வரலாறு தமிழ்நாட்டில் இருப்பதால், நீதிபதிகளும் இந்த வரியை உற்றுத்தான் பார்க்கிறார்கள்.

எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. மினி லாரியின் முன்பக்க இடது மூலையில் நசுங்கலும் பைக்கின் சிவப்புப் பெயின்டும் இருந்ததை வாகன ஆய்வாளர் குறித்திருந்தார். சந்து முனையில் டீக்கடை வைத்திருந்தவர் வந்து சாட்சி சொன்னார். அவர் ஒருநாள் கடையை அடைத்துவிட்டு வந்தார் என்பதை நாங்கள் மறக்கவில்லை.

அதனால் அடிபட்டவருடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எந்த வண்டி இடித்தது, அதன் எண் என்ன என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். அப்போது முடியாவிட்டால், வார்டுக்கு மாற்றிய பிறகு நோயாளி தானே மருத்துவரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் பதிய வைக்கலாம். ஏ.ஆர். காப்பியை ஒரு வாரத்துக்குள் வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் இருப்பதற்கும் எஃப்.ஐ.ஆருக்கும் முரண் இருந்தால், எந்தப் பிரிவில் மனுப் போடுவது என்ற யோசனையே மாற வேண்டியிருக்கும்.

எதிர்த்தரப்பு சொல்பவை

ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, மூன்று பேர் போனார்கள். இந்த மூன்றையும்தான் அதிகம் கேட்பீர்கள். சட்டத்தை மீறுவது வேறு, விபத்துக்குக் காரணமாவது வேறு. லைசென்ஸ் இல்லாதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று பேர் போன பைக்கைப் பின்னாலிருந்து கார் இடித்த முகமது சித்திக் வழக்கில், மூன்று பேர் போனதால்தான் விபத்து நடந்தது என்று காட்டாமல் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020இல் தீர்ப்பு வந்தது. ஹெல்மெட்டும் அப்படித்தான். தலையில் அடி என்றால் அந்த வாதத்துக்கு அர்த்தம் உண்டு. முழங்கால் உடைந்தவரிடம் ஹெல்மெட் கேட்பதில் அர்த்தமில்லை.

இரண்டு வண்டிகள் மோதி, ஒன்றில் பயணியாக இருந்த உங்களுக்கு அடிபட்டால், தவறு எவருடையது எவ்வளவு என்று நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. முழுத் தொகையையும் இரு தரப்பில் எவரிடமும் கேட்கலாம் என்று 2015இல் கென்யேய் வழக்கில் தெளிவாகிவிட்டது.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனவருக்கு அடிபட்டு, அந்த பைக் ஓட்டியவர் மேலேயே தவறு என்றால், அந்த வண்டிக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. 2006ஆம் ஆண்டு திலக் சிங் தீர்ப்பு இதைச் சொல்கிறது. அப்புறம் உரிமையாளரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும். தவறை நிரூபிப்பது பாதி, கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பது மீதி. அரசுப் பேருந்துக் கழகங்கள் இன்சூரன்ஸ் எடுக்காமல் தாங்களே பணம் கட்டுகிறவை. தீர்ப்பு வந்தும் கட்டாமல் இழுத்து, கடைசியில் கோர்ட் அமீனா வந்து பேருந்தை ஜப்தி செய்த செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் இருக்க முடியாது. கணவனை இழந்த ஒரு பெண் தன் பணத்துக்காகப் பேருந்து நிலையத்தில் அமீனாவோடு நிற்க வேண்டியிருப்பது வேதனை.

164 யாருக்கு

இவ்வளவு சொன்ன பிறகும், 164ஐ எடுக்கச் சொல்லி நான் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சாலையைக் கடக்கும்போது கார் இடித்து மணிக்கட்டு முறிந்தது. சாட்சி இல்லை. சிக்னலில் வண்டிகளுக்குச் சிவப்பு விழும் முன்பே தான் இறங்கிவிட்டதாக அவரே போலீசில் சொல்லியிருந்தார். பென்ஷன் குறையப்போவதில்லை, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. 166இல் போனால் பெருக்கல் கணக்கே வராது, தவறிலும் பெரும்பங்கு அவர் மேல் வரும். அவருக்கு 2.5 லட்சம் மிக நல்ல முடிவு. வருமானம் குறையாத காயம், தவறைக் காட்ட முடியாத நிலை, இரண்டில் ஒன்று இருந்தாலே 164ஐ யோசிக்கலாம். இரண்டும் இருந்தால் தயங்க வேண்டாம்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் 164, 166 இரண்டும் இல்லை. 161ஆவது பிரிவின் கீழ் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 கிடைக்கும். சொந்த வண்டியை ஓட்டித் தானே விழுந்தவர், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மரணத்துக்கும் பெரிய ஊனத்துக்கும்தான் உதவும். வேலை நேரத்தில் அடிபட்ட லாரி ஓட்டுநர், கிளீனர் போன்றவர்களுக்கு முதலாளியிடம் கேட்கும் தொழிலாளர் இழப்பீட்டு வழியும் உண்டு. அங்கே தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு பெரும்பாலும் தடையாகாது. ஆனால் 167ஆவது பிரிவின்படி அதையும் மோட்டார் வாகனச் சட்டத்தையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கெடுவும் செலவும்

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அவற்றை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், மனுவைப் போட்டுவிட்டு ஊனச் சான்றிதழைப் பிறகு தரலாம். விபத்து எங்கோ நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்தில் போடலாம். போலீசும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022இன் விதிகள் சொல்கின்றன. அனுப்பினார்களா என்று போய்க் கேட்பது நம் வேலை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே கேஸ் பிடிக்க வருகிறவர்கள், ‘இப்ப ஒண்ணும் தர வேண்டாம், வர்றதுல இத்தனை பர்சென்ட்’ என்பார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

மக்கள் நீதிமன்றத்தில்

166இல் போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்கு நடுவழி மக்கள் நீதிமன்றம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியும் உயர் நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது. நமக்கும் அதேதான், குறைவாக ஒப்புக்கொண்டால் திரும்ப முடியாது. அதனால் எப்போது உட்காருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மச்சானுக்கு முதல்முறை கூப்பிட்டபோது மூன்றரை லட்சம் சொன்னார்கள். மருத்துவக் குழுவின் சான்றிதழ் அப்போது வரவில்லை, டீக்கடைக்காரர் சாட்சி சொல்லியிருக்கவில்லை. அக்கா வாங்கிவிடலாம் என்றாள். வீட்டு வாடகை மூன்று மாதம் பாக்கி, அவளைக் குறை சொல்ல முடியாது. மச்சான்தான் வேண்டாம் என்றார். ஏழு மாதம் கழித்து, சான்றிதழும் சாட்சியமும் கோப்பில் சேர்ந்த பிறகு மறுபடி உட்கார்ந்தோம். ஏ.ஆர். காப்பியின் அந்த ஒற்றை வரியைக் காட்டி அவர்கள் குறைக்கப் பார்த்தார்கள். ஏழு லட்சத்தில் முடிந்தது. பணம் நேராக அவர் வங்கிக் கணக்குக்கு வந்தது.

இப்போது அவர் டைல்ஸ் ஒட்டுவதில்லை. வேலையை ஒப்பந்தமாக எடுக்கிறார். பையன்கள் உட்கார்ந்து ஒட்ட, இவர் நின்றுகொண்டு நூல் பிடித்து மட்டம் பார்க்கிறார்.